செம்பு எடுத்தவர்களின் வீடு

தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே 160 கிலோமீட்டரில் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊர். கௌலர் ஊரைத் தாண்டியதும் கோதுமை வயல்கள் தொடங்கிவிடுகின்றன. டார்லீ, சாடில்வொர்த் என்று சின்னச் சின்ன ஊர்கள், அவற்றுக்கு இடையே செம்மறி மேயும் வெட்டவெளி. பர்ராவை நெருங்க நெருங்க குன்றுகள் மொட்டையாகின்றன. வறட்சி அதற்கு முழுக் காரணம் இல்லை. இங்கிருந்த மரங்களைச் சுரங்கத்துக்கும் செம்பு உருக்கும் உலைக்கும் வெட்டித் தீர்த்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அவை திரும்பவில்லை. கிழக்கே போகப் போக மழை இன்னும் குறையும். 1865இல் நில அளவைத் தலைவர் கோய்டர், இதற்கு அப்பால் பயிர்த்தொழிலை நம்பாதீர்கள் என்று வரைந்த கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் 1851இல் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தார்கள். அன்றைய ஆஸ்திரேலியாவில் கடலோரம் அல்லாத ஊர்களில் பர்ராதான் பெரியது. இன்று ஆயிரம் பேர் அளவில் இருக்கலாம். சந்தைச் சதுக்கம், பழைய வங்கிக் கட்டடங்கள், மெதடிஸ்ட் தேவாலயம், ஊரின் நடுவே ஓர் ஓடை. நாங்கள் போனபோது ஓடையில் வாத்து நீந்தும் அளவுக்கு மட்டும் தண்ணீர் இருந்தது.

நாங்கள் என்றேன். என்னுடன் வந்தவர் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா, தாத்தா இருவரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஓய்வுபெற்ற பிறகு மகள் குடும்பத்தோடு அடிலெய்டில் இருக்கிறார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். தொழிலாளர் வீடுகளைப் பார்க்க பர்ரா போகிறேன் என்று சொன்னதும் தானும் வருகிறேன் என்றார். அவர் வந்திராவிட்டால் நான் அந்த வீடுகளைப் பாதிதான் பார்த்திருப்பேன்.

1845இல் வில்லியம் ஸ்ட்ரெயர், தாமஸ் பிக்கெட் என்ற இரண்டு ஆட்டிடையர்கள் இந்தக் குன்றுகளில் செம்புத் தாதைக் கண்டார்கள். பச்சை நிற மாலகைட் கல், தரைக்கு மேலேயே தெரியும்படி கிடந்தது. இது ங்காஜுரி மக்களின் நிலம். அவர்களைக் கேட்டு யாரும் எதையும் தோண்டவில்லை. அரசிடம் 20,000 ஏக்கரை மொத்தமாக வாங்கத்தான் போட்டி நடந்தது. ஏக்கருக்கு ஒரு பவுண்டு வீதம் 20,000 பவுண்டு ரொக்கமாகக் கட்ட வேண்டும். அடிலெய்டின் பெருந்தனக்காரர்களாலும் தனியாக முடியவில்லை, கடைக்காரர்களும் சிறு வணிகர்களும் சேர்ந்த இன்னொரு கூட்டத்தாலும் தனியாக முடியவில்லை. இருவரும் பணத்தைச் சேர்த்துக் கட்டி, நிலத்தை இரண்டாக வகுத்துச் சீட்டுப் போட்டார்கள். தெற்குப் பாதி பெருந்தனக்காரர்களுக்கு விழுந்தது; அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. வடக்குப் பாதி கடைக்காரர்களுக்கு. அதில்தான் செம்பு முழுவதும் இருந்தது.

அவர்கள் கம்பெனியின் பெயர் தென் ஆஸ்திரேலிய சுரங்கச் சங்கம். போட்ட முதல் 12,320 பவுண்டு. 1877இல் சுரங்கத்தை மூடும்வரை பங்குதாரர்கள் ஈவுத்தொகையாக வாங்கியது சுமார் 8 லட்சம் பவுண்டு. கம்பெனியின் செயலாளர் ஹென்றி அயர்ஸ். பின்னாளில் மாகாணத்தின் பிரதமரானவர். உலுரு பாறைக்கு நெடுங்காலம் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்தது இவர் பெயர்தான். அடிலெய்டின் நார்த் டெரஸ் தெருவில் அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் நிற்கிறது. சித்திரம் தீட்டிய கூரை, பெரிய விருந்துக் கூடம். அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உள்ளே காலெடுத்து வைத்ததும் கண் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறது.

பர்ராவின் தொழிலாளர் வீடுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் மதிப்பை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பர்ராவில் பார்வையாளருக்கு ஒரு சாவி தருகிறார்கள். தகவல் மையத்தில் பணம் கட்டினால் வழிகாட்டிப் புத்தகத்தோடு சாவியும் கைக்கு வரும். பழைய சிறைச்சாலை, மதுவடிசாலையின் நிலவறை, சுரங்கப் பகுதி என்று பூட்டிய இடங்களை நாமே திறந்து பார்த்துவிட்டுப் பூட்டிவிட்டு வர வேண்டும். காவலாளி கிடையாது. ஒரு ஊர் தன் பழமையை முன்பின் தெரியாதவர் கையில் இப்படி நம்பிக் கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஓடைக்கு அருகே பாக்ஸ்டன் சதுக்கம். 1849க்கும் 1852க்கும் இடையில் கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய 33 வீடுகள், ஒரு திடலின் மூன்று பக்கங்களில் மூன்று வரிசையாக. கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான வில்லியம் பாக்ஸ்டனின் பெயரை வைத்தார்கள். இரண்டு அறை, மூன்று அறை, நான்கு அறை என்று அளவு மாறும். ஒட்டிக்கட்டிய கல்சுவர், தாழ்ந்த வாசல், சின்ன ஜன்னல், கூரை நெடுகப் புகைபோக்கிகள். அலங்காரமாக ஒரு கல்கூட இல்லை. ஒரு வீட்டை தேசிய அறக்கட்டளை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. மற்றவற்றை 1980களில் பழுதுபார்த்து, பயணிகள் தங்கும் விடுதியாக்கிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது.

அண்ணன் உள்ளே நுழைந்ததும் பையைக் கீழே வைக்கவில்லை. சுவரோரமாகக் குதிகாலும் நுனிக்காலுமாக அடிவைத்து அறையை அளந்தார்.

"எங்க வீட்டைவிட அகலம் ஜாஸ்தி தம்பி. நீளமும் ஜாஸ்தி. எங்களுக்கு இதுல ஒரு ரூம்தான். ஆனா சுவரு... எங்களுது தட்டி. பக்கத்து வீட்டுல இருமினா நம்ம வீட்டுல தண்ணி எடுத்துட்டுப் போவாங்க."

சுவரின் தடிமனைப் பார்ப்பதற்காக ஜன்னல் பள்ளத்தில் கையை முழங்கைவரை வைத்தார். பிறகு கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து, இதில் எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள், துணி எங்கே காயும், இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவன் எந்த அறையில் படுப்பான், குழந்தைகளை அப்போது எங்கே விரட்டுவார்கள் என்று வரிசையாகக் கேட்டார். கட்டடக்கலை படித்தவர் கேட்கும் கேள்விகள் அல்ல இவை. ஆனால் இந்த வீடு பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவைதான். வாசற்படியின் தேய்மானமும், அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள கதவின் இடமும், அடுப்புக்கு எட்டிய தூரத்தில் எத்தனை பேர் உட்கார முடியும் என்பதும் எந்தக் கம்பெனிக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படாதவை. தொழிலாளி நாட்குறிப்பு எழுதவில்லை. பெரும்பாலானோர் கடிதமும் விட்டுப்போகவில்லை. சுரங்கத்துக்குள்ளே போகாத அவர் மனைவி எதிலும் பதிவாகவே இல்லை. அவருடைய நாள் முழுவதும் கழிந்தது இந்த இரண்டு அறைக்குள்தான். அந்த வாழ்வுக்கு எஞ்சியிருக்கும் சாட்சி இந்தச் சுவர் மட்டுமே.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால், பாக்ஸ்டன் சதுக்கம் ஒரு தவறான கதையைச் சொல்லிவிடும். தொழிலாளிக்குக் கல்வீடு கட்டிக்கொடுத்த நல்ல கம்பெனி என்ற கதை. அந்தக் கதையைத் திருத்துவது, சற்றுத் தள்ளி ஓடைக்கரையில் இருக்கிறது.

பர்ரா ஓடையின் கரை செங்குத்தான களிமண். சுரங்கத்துக்கு வந்து இறங்கியவர்கள் அதைக் குடைந்து குடியேறினார்கள். ஓர் அறை, இரண்டு அறை, சிலர் அதற்கும் மேலே. முன்பக்கம் பலகை அடைப்பு, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, கரையின் மேல்மட்டத்தில் ஓட்டை போட்டுப் புகைபோக்கி. மேலே நடப்பவர்களின் காலடியில் ஒரு தெருவே புகைந்துகொண்டிருந்தது. 1851 கணக்கெடுப்பின்போது பர்ராவில் இப்படிக் குடைவுகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 1,800 பேர். ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

ஏன் அங்கே போனார்கள்? வந்து குவிந்த ஆட்களுக்கு வீடு போதவில்லை, மரமும் அரிது என்பது ஒரு காரணம். வாடகை இன்னொன்று. சுரங்கத்தை ஒட்டிய கூரிங்கா குடியிருப்பு முழுக்கக் கம்பெனியின் நிலம். விலைக்குத் தரமாட்டார்கள், குத்தகைக்குத்தான். ஓடைக்கரைக்கு வாடகை கிடையாது. தொழிலாளியின் வருமானமும் நிலையானதல்ல. கார்ன்வால் முறைப்படி, தாது எடுப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து சுரங்கத்தின் ஒரு பகுதியை ஏலத்தில் எடுப்பார்கள். வெளியே வந்த தாதின் மதிப்பில் ஒரு பங்குதான் கூலி. தாது நன்றாக இருந்தால் கை நிறையும், பாறை மட்டும் வந்தால் வெடிமருந்துக்கும் மெழுகுவர்த்திக்கும் கடன்தான் மிஞ்சும். அந்தத் தாதின் தரத்தைக் கணிப்பவரும் கம்பெனியின் ஆள். 1848இல் அதை எதிர்த்துத்தான் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆஸ்திரேலியாவின் ஆரம்பகாலப் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்று அது. இப்படி வாழ்பவன் மாத வாடகைக்கு அஞ்சுவதில் என்ன வியப்பு? கல்வீடுகள் கட்டப்பட்ட பிறகும் அவற்றில் குடியேற ஆட்கள் தயங்கினார்கள்.

கரையை விட்டு அவர்களை எழுப்பியது தண்ணீர். 1851இல் ஓடை அடுத்தடுத்துப் பெருகிக் குடைவுகளைக் கரைத்தது. அதற்கு முன்பே சாக்கடையும் குடிதண்ணீரும் ஒன்றாகிக் காய்ச்சல் பரவிக் குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தது. அதே ஆண்டு விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி வந்ததும் ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள்.

இன்று இரண்டு குடைவுகள் மட்டும் மிச்சம். நான் பர்ராவில் பார்த்தவற்றிலேயே முக்கியமானவை இவைதான் என்று நினைக்கிறேன். உள்ளே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. மண்சுவர், கரி படிந்த மூலை, குனிந்தால்தான் நுழையலாம். ஆனால் இங்கே நின்ற பிறகு பாக்ஸ்டன் சதுக்கத்துக்குத் திரும்பினால் அந்த 33 வீடுகளும் வேறாகத் தெரிகின்றன. 1,800 பேருக்கு எதிரே 33 வீடு. வேலைநிறுத்தம் நடந்த அடுத்த ஆண்டே தொடங்கிய கட்டுமானம். கல்வீட்டின் உறுதி, அதில் இடம் கிடைத்தவரின் நிம்மதி, வாடகை என்ற கயிறு எல்லாம் ஒருசேரப் புரிகின்றன. ஓர் எளிய வீட்டைத் தனியாகப் பிரித்து அழகாகக் காப்பாற்றினால் அதன் மதிப்பில் பாதி போய்விடும். அது எதற்குப் பதிலாகக் கட்டப்பட்டதோ, அதுவும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த ஊரின் பெயரைக் கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் உலகெங்கும் அறிவார்கள். 1979 ஆகஸ்ட் 19 அன்று, நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸின் ஆஸ்திரேலியக் கிளை இங்கே கூடி ஒரு சாசனத்தை ஏற்றது. அதுதான் பர்ரா சாசனம். 1964இல் வெனிஸில் எழுதப்பட்ட சாசனம் பெருங்கலைப் படைப்புகளோடு, காலத்தால் பொருள் பெற்ற எளிய கட்டடங்களையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அதன் மனத்தில் இருந்தவை ஐரோப்பாவின் தேவாலயங்களும் கோட்டைகளும்தான். தகரக் கொட்டகையும் சுரங்கக் குழியும் குடியேறியவர் குடிசையுமாக இருந்த ஒரு நாட்டில் அந்த அளவுகோல் போதவில்லை. பர்ரா சாசனம் நினைவுச்சின்னம் என்று தொடங்கவில்லை. இடம் என்று தொடங்கியது. ஓர் இடம் அழகால் மதிப்புப் பெறலாம், வரலாற்றால் பெறலாம், ஆராய்ந்தால் என்ன சொல்லித் தரும் என்பதால் பெறலாம், மக்கள் அதோடு கொண்ட உறவால் பெறலாம். முதலாவதில் தோற்கும் தொழிலாளர் வீடு மற்ற மூன்றிலும் மாளிகையோடு சமமாக நிற்கும். ஆராய்ச்சி மதிப்பில் மாளிகையைவிட மேலே நிற்கும் என்பது என் எண்ணம். மாளிகையில் வாழ்ந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆயிரம் காகிதங்கள் இருக்கின்றன.

அந்தச் சாசனத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் அடக்கம். தேவையான அளவு மாற்று, முடிந்த அளவு குறைவாக மாற்று என்பதுதான் அதன் நடைமுறை. எதையும் தொடுவதற்கு முன்னால், அந்த இடம் ஏன் முக்கியம் என்பதை எழுதிவிடு என்கிறது. பாக்ஸ்டன் சதுக்கத்தை இந்த அளவுகோலில் வைத்தால் கேள்விகள் வராமல் இல்லை. பூச்சு புதிது, பின்னால் சேர்த்த குளியலறை, கதகதப்பான மெத்தை. பழைய தொழிலாளியின் குளிரை நான் அங்கே உணரவில்லை. ஆனால் விடுதியாக்கியிருக்காவிட்டால் கூரையைப் பராமரிக்கும் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? ஊருக்கு வெளியே உள்ள ஹாம்ப்டன் குடியிருப்பைப் போய்ப் பார்த்தோம். அதுவும் 1850களில் எழுந்த தொழிலாளர் ஊர். இப்போது புல்லுக்குள் இடிந்த சுவர்கள். அதை இடிபாடாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் விடுதி, ஓரிடத்தில் அருங்காட்சியகம், ஓரிடத்தில் இடிபாடு, ஓரிடத்தில் வெறும் மண்குடைவு. ஒரே வகை வாழ்வை நான்கு விதமாகக் காப்பாற்றியிருப்பது சரியான முடிவென்றே படுகிறது.

ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில், வயல் நடுவே கைவிடப்பட்ட ஒற்றைக் கல்வீடு ஒன்று உண்டு. மிட்நைட் ஆயில் இசைக்குழுவின் 1987 இசைத்தொகுப்பின் அட்டையில் வந்த வீடு. சாலையோரம் கார்கள் நிற்கின்றன, எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். புகழ் ஒரு பாழ்வீட்டைக் காப்பாற்றும் என்றால் அதுவும் நல்லதே.

சுரங்கக் குழி இப்போது ஒரு பச்சை நீலக் குளம். 1970களில் மறுபடி திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டியதன் மிச்சம். மேட்டில் மார்ஃபெட் எந்திரக் கூடம். தண்ணீர் இறைக்கும் கார்ன்வால் எந்திரத்துக்காகக் கட்டிய மூன்று மாடிக் கல்கூடு. அதைத் தொலைவில் பார்த்ததுமே அண்ணன் நின்றுவிட்டார். அவருக்கு அது அந்நியமாக இல்லை. இங்கே வந்த அதே கார்ன்வால்காரர்கள்தான் அடுத்த தலைமுறையில் கோலாருக்கும் வந்தார்கள். 1880களிலிருந்து அங்கே தங்கம் எடுத்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி, கார்ன்வாலிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. சுரங்கத்தின் மேலாளை இங்கேயும் கேப்டன் என்றார்கள், அங்கேயும் கேப்டன் என்றார்கள். பர்ராவில் பாறைக்குள் இறங்கியவன் அந்தக் கார்ன்வால்காரனே. கோலாரில் அவன் மேலே நின்றான். இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள், அவர்களிலும் மிகப் பலர் தலித் மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை திடீரென வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட் எப்போது வரும் என்று தெரியாத ஆழத்தில் வேலை.

"கிளப்பு இருக்கு, பங்களா இருக்கு, அதையெல்லாம் போட்டோ எடுத்துப் புஸ்தகம் போட்டுட்டாங்க," என்றார் அண்ணன். "லைனை யாரு எடுத்தா?"

கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. லைன்கள் இன்னும் இருக்கின்றன, ஆட்கள் வாழ்கிறார்கள். மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். வாழும் வீடு என்பதால் சுவரை மாற்றுவார்கள், அறை சேர்ப்பார்கள், தளம் போடுவார்கள். அது அவர்கள் உரிமை. எந்த மரபுச் சட்டமும் அவர்களைத் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டே இரு என்று சொல்லக் கூடாது. ஆனால் முழு லைனும் உருமாறுவதற்குள் ஒரு வரிசையையாவது அளந்து, வரைந்து, ஒரே ஒரு வீட்டையாவது தட்டிச் சுவரோடும் தகரக் கூரையோடும் நிறுத்திவைக்க முடியும். பர்ரா 33ஐக் காப்பாற்றியிருக்கிறது. நமக்கு ஒன்று போதும், தொடங்குவதற்கு.

அன்று இரவு நான் நோட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டையே முதலில் வரைவோம் என்றேன். அண்ணன் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். வாசல் எந்தத் திசை, அப்பாவின் கயிற்றுக் கட்டில் எங்கே, பானை எங்கே, சாமிப் படம் எந்தச் சுவரில். அடுப்பு இடதுபக்க மூலையில் என்று சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"அடுப்பா? உள்ளே ஏதுடா அடுப்பு அப்ப?" என்றது அக்காவின் குரல். "வெளியே இறக்குன தாழ்வாரத்துல இருந்துச்சு. நீ பொறந்த வருசம் மழையில அது விழுந்துருச்சு, அதுக்கப்புறம்தான் அம்மா உள்ளே கொண்டாந்தாங்க. கட்டிலைச் சொன்னியா? அது வடக்கால, ஜன்னல் பக்கம் இல்ல. எழுதுறவரு யாரு, அவருகிட்ட குடு போனை."